மணி கேட்காத லக்ஷ்மிநாராயணன்

"பொறந்ததுலேர்ந்து ஒருத்தர்கிட்டகூட நான் மணி கேட்டதில்ல. ஊர்தான் என்கிட்ட கேக்கணும்."

புகழ்பெற்ற இந்த வாக்கியத்தை லக்ஷ்மிநாராயணன் கேம்ப் ரோட்டில் ஒரு சலூனில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியுடன், ஒரு பக்கக் கிருதா மட்டும் எடுபட்ட நிலையில் மொழிந்தார். சுவரில் தொங்கிய கடிகாரம் நாற்பது செகண்ட் பின்தங்கியிருக்கிறது என்று அதே மூச்சில் தீர்ப்பும் சொன்னார். சலூன்காரர் கத்தியை வைத்துவிட்டு ஸ்டூலில் ஏறி முள்ளை நகர்த்தினார். கத்தி பிடித்தவரையே ஸ்டூல் ஏற வைத்த ஒரு மனிதரைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பது தமிழுக்கு ஒரு குறை. அது இங்கே தீர்க்கப்படுகிறது.

லக்ஷ்மிநாராயணனுக்கு நேரத்தோடு ஏற்பட்டது வீண் சகவாசம் அல்ல, சம்பளத்துக்குச் செய்த சகவாசம். தாம்பரத்தை அடுத்த சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் போகிற வழியில், கருங்கல் பாறை தலைகாட்டும் ஒரு மேட்டில், தென்கடல் நில அதிர்வு மையம் என்ற பெயரில் சில அறைகளும் ஒரு நிலவறையும் எண்பதுகளில் இருந்தன. நிலவறையில் நில அதிர்வுமானி. உருளை ஒன்று நிதானமாகச் சுற்றும். அதில் சுற்றிய தாளில் ஒரு மைப்பேனா கால் மணிக்கு ஒரு கோடாகப் போட்டுக்கொண்டே போகும். பூமி சும்மா இருந்தால் கோடும் சும்மா இருக்கும். சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் ஏதாவது புரண்டால், நாலைந்து நிமிடத்தில் சேதி பாறை வழியாக வந்து பேனாவைப் பிடித்து உலுக்கும். எந்த மணி, எந்த நிமிடம், எந்த செகண்டில் உலுக்கியது என்று படித்து உலகத்துக்குச் சொல்ல வேண்டும். மையத்தின் வேலை அவ்வளவுதான்.

தாளுக்கு ஆயுள் ஒரு நாள். தினமும் காலை எட்டு இருபத்தெட்டுக்குப் பழைய தாளைக் கழற்றி, புதிய தாளைச் சுற்றி, அதன் மூலையில் 'தொடக்கம் 8.28' என்று பென்சிலால் எழுதுவது மூத்த பதிவு உதவியாளர் லக்ஷ்மிநாராயணனின் உரிமை. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்த 8.28லிருந்து கோடுகளை எண்ணிக்கொண்டு போவதுதான்.

இதில் ஒரு சிறு சிக்கல். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. நாள்காட்டி கிழிக்கத் தெரிந்த எவருக்கும் இது தெரியும். மற்ற நாள்களில் எட்டு இருபத்தெட்டு பரிசுத்தமான நேரம். திங்களன்று மட்டும் அது நேராக ராகுவின் வாயில் போய் விழுகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை லக்ஷ்மிநாராயணன் இதைப் பொருட்படுத்தாமல்தான் தாளை மாற்றினார். மைக்கூடு கவிழ்ந்தது. மாமனார் எடுத்துக் கொடுத்த தீபாவளிச் சட்டை நாசமாயிற்று. ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொண்டு விஞ்ஞான மையத்து ஆள் முடிவுக்கு வரலாமா என்று யாராவது கேட்கலாம். அப்படிப்பட்ட சட்டை ஒன்றுதான் இருந்தது.

அடுத்த திங்களிலிருந்து ஏழு இருபத்தெட்டுக்கே வந்து, ராகு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் தாளை மாற்றிவிட்டார். மாற்றிவிட்டு, வழக்கம்போல 'தொடக்கம் 8.28' என்று எழுதினார். உள்ளதை எழுதினால் நேர மாற்றத்துக்குக் காரணம் எழுத வேண்டும். ஒரு விஞ்ஞான மையத்தில் காரணம் என்ற கட்டத்தில் ராகுவின் பெயரை எப்படிப் போடுவது? மேலும், அவர் எழுதியதில் நிமிடம் சுத்தம், செகண்ட் அதைவிடச் சுத்தம். மணி ஒன்றுதான் பொய். அந்தக் காலத்தில் தாள்களைப் படித்ததும் அவரேதான் என்பதால், திங்கட்கிழமைத் தாளுக்கு மட்டும் மனசுக்குள்ளேயே ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொள்வார். உலகத்துக்குப் போன கணக்கில் குற்றம் இல்லை.

யாருக்கும் விஷயம் தெரியாது. தெரிந்த அளவுக்குப் பாராட்டுதான் வந்தது.

"மத்தவன்லாம் திங்கக்கெயம ஆனா லேட்டா வருவான். நம்ம சாரு அன்னிக்கின்னு பாத்து ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துகினு கீறாரு. இன்னா கடமை!" என்று மையத்தின் அலுவலக உதவியாளர் முஸ்தபா டீ வாங்கப் போன இடத்திலெல்லாம் சொன்னார். இயக்குநர் தனசிங் ஒரு குடியரசு தினத்தன்று இதையே ஆங்கிலத்தில் சொல்லி, ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார். லக்ஷ்மிநாராயணன் அதைக் கூசாமல் வாங்கிக்கொண்டு, முதல் வேலையாக நேரம் திருத்தினார்.

எண்பத்தாறில் அருள்மேரி வந்தாள். புவி இயற்பியல் படித்த பெண். தாளைப் படிக்கிற வேலை அவளுக்குப் போயிற்று. திங்கட்கிழமை ரகசியத்தை லக்ஷ்மிநாராயணன் அவளிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தார். முதல் வாரம், புதுப் பெண், நம்மைப் பற்றி என்ன நினைக்கும் என்று தோன்றியது. முதல் மாதம், அதுவாகவே கண்டுபிடிக்கட்டுமே என்று தோன்றியது. அதற்கப்புறம், இப்போது சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது. தோன்றுவதற்கு மனசில் இடம் இருக்கும்வரை மனிதன் வாயைத் திறப்பதில்லை.

உலக மையங்களிலிருந்து புகார்கள் வந்தன. தாம்பரத்தின் அளவுகள் அருமை, ஆனால் சில நாள் மட்டும் சரியாக ஒரு மணி நேரம் தப்புகிறது. இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் பிழை கோடுகளைத் தப்பாக எண்ணுவதுதான் என்பதால், குற்றவாளி யார் என்று யாரும் தேடவில்லை. திங்கள் தாளில் கடைசியில் நாலு கோடு கூடுதலாக இருக்கும்தான். ஆனால் அதிர்ந்த கோடு வரைக்கும் எண்ணுவார்களே தவிர, தாளின் கடைசி வரைக்கும் யார் எண்ணுவார்கள்?

தனசிங் மூத்தவரின் அபிப்பிராயத்தைக் கேட்டார்.

"நல்ல பொண்ணுதான் சார்" என்றார் லக்ஷ்மிநாராயணன். "கொஞ்சம் கவனம் பத்தல."

அவருக்கு உண்மை தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ளாமல் இருந்தார். இது ஒரு தனித் திறமை, அலுவலகங்களில் நிறையப் பேருக்கு வரும்.

அருள்மேரிக்குத் தன் கண்மேல் சந்தேகம் வந்தது. மூன்று தடவை எண்ணினாலும் அதே கோடுதான் வருகிறது, ஆனால் உலகம் தப்பு என்கிறது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் கண்ணைச் சோதித்துக்கொண்டாள். கண்ணாடி போட்டார்கள். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போட்டார்கள். லக்ஷ்மிநாராயணன் ராகுவுக்குப் பயந்தார். அருள்மேரி கண்ணாடி போட்டுக்கொண்டாள்.

இப்படியாக எண்பத்தெட்டு மே மாதம் பிறந்தது. கத்திரி வெயிலில், அந்தப் பாறைமேட்டில், நிலநடுக்க விஞ்ஞானிகளுக்கான இரண்டு வாரப் பயிற்சி முகாம் கூடியது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பர்மா, அந்தமான் என்று பூமி அடிக்கடி உதறும் இடங்களிலிருந்தெல்லாம் இளம் விஞ்ஞானிகள் வந்தார்கள். வாசலில் 'தட்டுச்செருகு மண்டல ஆய்வாளர் பயிற்சிப் பட்டறை' என்று துணியில் எழுதிக் கட்டினார்கள். முதல் நாளே ஒருவர் உடைந்த சைக்கிள் ஹேண்டில்பாரோடு வந்து நின்றார்.

"இன்னா பாய், பட்டறைன்னு போட்டுகீது. வெல்டிங் எங்க கீது?"

"இங்க வெல்டிங் இல்லபா" என்றார் முஸ்தபா. "இது தட்டு செருவற பட்டறை."

"பாத்திரக் கடையா?"

"பூமியில செருவறாங்களாம். நீ போய் கெழக்கால பாரு, அங்க ஒரு வெல்டிங் கீது."

பயிற்சி கொடுக்க ஜப்பானிலிருந்து டாக்டர் மோரிதா வந்திருந்தார். மெலிந்த மனிதர், ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் கீழே வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுப்பார். தனசிங் "மோரிதா, மோரிதா" என்று கூப்பிடும்போதெல்லாம் முஸ்தபா ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார். 'மோர் தா' என்று வேறு யாரிடம் கேட்பார்கள்? விருந்தாளியும் மறுக்காமல் குடித்தார். இது இந்த நாட்டு மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும்.

கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டோடு முட்டும்போது, எது கனமோ அதுதான் அடியில் செருகிக்கொண்டு போகும் என்று மோரிதா பலகையில் படம் போட்டு விளக்கினார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். பூமிக்கு இது விதி. அலுவலகத்துக்கு இது தலைகீழ் என்பதையும், அங்கே இலேசானவரே எப்போதும் அடியில் போவார் என்பதையும் அவர் சொல்லவில்லை. அது அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை.

முகாமில் எல்லாருக்கும் ஒரு கண் ஒரே விஷயத்தில் இருந்தது. முடிவில் ஒவ்வொரு மையத்திலிருந்தும் ஒருவரை ஜப்பானில் ஓராண்டுப் பயிற்சிக்கு எடுப்பார்கள். இரண்டாவது திங்கட்கிழமை மதியத்துக்குள் இயக்குநர் பெயரைத் தந்தியடிக்க வேண்டும். தாம்பரத்தில் அந்த வயதும் படிப்பும் உள்ள ஆள் அருள்மேரி ஒருத்திதான். அவள் ஆறு மாதமாக ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஜப்பானிய எண்களைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தது முஸ்தபாவுக்குக்கூடத் தெரியும்.

வெள்ளிக்கிழமை செய்முறை வகுப்பு. மோரிதா ஒவ்வொரு மையத்தின் பழைய அளவுகளையும் வரைபடமாகப் போட்டுக் காட்டினார். தாம்பரத்தின் புள்ளிகள் வரிசை கட்டி நின்றன. தூரத்தில் தனியாக, பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி, ஒரு கூட்டம் புள்ளிகள்.

"இதில் ஒரு வேடிக்கை" என்றார் மோரிதா. "நேற்று இரவு இந்தத் தேதிகளை நாள்காட்டியில் பார்த்தேன். எல்லாம் திங்கட்கிழமை. சுமத்ராவிலிருந்து கிளம்பும் அலை, திங்கட்கிழமைகளில் மட்டும் வழியில் ஒரு மணி நேரம் ஓய்வெடுத்துக்கொண்டு தாம்பரம் வருகிறது."

அறை சிரித்தது. எல்லாத் தலைகளும் அருள்மேரி பக்கம் திரும்பின.

"என்னம்மா" என்றார் தனசிங். "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறது சரி. நானும்தான் போறேன். திங்கக்கிழமை வந்து தூங்கணும்னு எந்த பாஸ்டர் சொன்னாரு?"

இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிதாக இருந்தது. அதில் லக்ஷ்மிநாராயணனின் சிரிப்பும் கலந்திருந்தது. ஆனால் பாதிச் சிரிப்பில் 'திங்கட்கிழமை' என்ற சொல் அவருக்குள் இறங்கியது. சிரிப்பு நின்றது. வாய் மட்டும் மூட மறந்து அப்படியே இருந்தது. அருள்மேரி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டு, பலகையை இன்னும் உற்றுப் பார்த்தாள். தப்பு பலகையில் இருக்கிற மாதிரி.

வகுப்பு முடிந்ததும் தனசிங் தாழ்வாரத்தில் சொன்னார். "இந்தப் பொண்ணு பேரை எப்படி அனுப்பறது லக்ஷ்மிநாராயணன்? அந்த மோரிதாவே பாத்துட்டாரு. ஆள் இல்லன்னு தந்தி அடிச்சிட வேண்டியதுதான்."

"அதுவும் சரிதான் சார்" என்றார் லக்ஷ்மிநாராயணன். வழக்கமான பதில், பழக்கத்தில் வந்துவிட்டது.

அன்று மாலை முடிச்சூரில், வயலை மனையாகப் போட்ட புதிதில் வாங்கிக் கட்டிய வீட்டில், அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி சரோஜினி என்ன என்று கேட்டாள். சொன்னார். சொல்லி முடிக்கும்போது, "உனக்காகத்தானே ராகு காலமெல்லாம் பாக்கறேன்" என்று ஒரு வரியையும் சேர்த்துப் பார்த்தார்.

"எனக்காகவா?" சரோஜினி கரண்டியை வைத்தாள். "திங்கக்கிழமை நீங்க கிளம்பிப் போனப்புறம் நான் அடுப்பு பத்த வெக்கிறதே ஏழரைக்குத்தாங்க. அன்னிக்கு ராத்திரி நீங்க சாப்பிடற குழம்பு ராகு காலத்துல வெந்ததுதான். இத்தனை வருஷமா சாப்பிட்டுட்டு நல்லாத்தானே இருக்கீங்க? என் தலையில போடாதீங்க."

லக்ஷ்மிநாராயணன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லிடுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனார். அதாவது காய்கறிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, காய்கறி விற்காத பக்கமாகப் போனார். கிழக்குத் தாம்பரத்தில் தேவாலயத்துக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். ஆராதனை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. அருள்மேரி அவரைப் பார்த்துவிட்டுத் தானே சாலையைக் கடந்து வந்தாள். அவர் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"சார், உங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியாம ரெண்டு நாளா இருந்தேன். நீங்க இவ்வளவு வருஷம் காப்பாத்துன பேரு சார். என்னால உங்க மையத்துக்கே அசிங்கமாப் போச்சு. எனக்குத் திங்கக்கிழமை மட்டும் என்ன ஆகுதுன்னே தெரியல சார். மன்னிச்சிடுங்க."

லக்ஷ்மிநாராயணன் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார்.

"பரவால்லம்மா" என்றார்.

அதாவது, அவளை மன்னித்தார். மனித குலத்தின் மன்னிப்புகளில் இதற்கு ஒரு தனி இடம் உண்டு. மன்னித்துவிட்டுப் பத்தடி நடந்த பிறகு, தான் செய்தது என்ன என்று அவருக்கே உறைத்தது. திரும்பிப் பார்த்தார். அவள் பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தாள். வெறும் பையோடு வீட்டுக்குப் போனார். சரோஜினி பையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

திங்கட்கிழமை எட்டு இருபத்தைந்துக்கு மோரிதாவும் பயிற்சிக்காரர்களும் நிலவறைக்கு வந்து, தாள் மாற்றுவதை நேரில் பார்ப்பதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. இன்றைக்காவது எட்டு இருபத்தெட்டுக்குத்தான் மாற்றுவது என்று லக்ஷ்மிநாராயணன் இரவே தீர்மானித்திருந்தார். தீர்மானம் உறுதியாகத்தான் இருந்தது. கால்தான் வழக்கப்படி ஏழேகாலுக்குக் கொண்டுவந்து விட்டது. கை தாளை மாற்றியது. ஆனால் பென்சிலை எடுத்த கை மூலையில் ஒன்றும் எழுதாமல் திரும்பி வந்தது. அதுவரைக்கும்தான் அவரால் முடிந்தது. உருளைமேல் மூடியை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பேனா கோடு போடும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

எட்டு இருபத்தைந்துக்குக் கூட்டம் இறங்கி வந்தது. சின்ன அறை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அருள்மேரி கடைசியில், சுவரோரமாக.

"இந்த மையத்தில் ஒரு செகண்ட்கூடத் தப்பியதில்லை என்றால் அதற்கு இவர்தான் காரணம்" என்று தனசிங் ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துவைத்து, தமிழில் மெதுவாகச் சேர்த்தார். "இடம் நெருக்கடியா இருக்கு. மேல அந்த ஸ்பேர் டிரம்மை வெச்சே காட்டிடலாமே?"

மேலே, மேஜைமேல், பயிற்சிக்கென்று ஒரு வெற்று உருளை இருந்தது. அதில் கோடு கிடையாது, மை கிடையாது, திங்கட்கிழமையும் கிடையாது. லக்ஷ்மிநாராயணன் படியைப் பார்த்தார். பிறகு சுவரோரம் பார்த்தார். தடிமனான கண்ணாடிக்குள்ளிருந்து இரண்டு கண்கள், ஒன்றும் எதிர்பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.

"வேணாம் சார்" என்றார். "இதுலயே காட்டறேன்."

மூடியைத் தூக்கினார். மோரிதா குனிந்தார். அரை நிமிடம் பார்த்தார். ஒரு விரலை உயர்த்தி, தாளைத் தொடாமல் எண்ணினார்.

"இது நேற்றுப் போட்ட தாள் இல்லையே?"

"இல்ல சார். புதுசு."

"புதிது. ஆனால் நான்கு கோடு இருக்கிறதே."

"ஏழு இருபத்தெட்டுக்குப் போட்டது சார்."

தனசிங்கின் முகத்தில் இருந்த அறிமுகப் புன்னகைக்கு இறங்க வழி தெரியவில்லை. "இன்னிக்கு ஏதோ அவசரம்போல…" என்று ஆரம்பித்தார்.

"இன்னிக்கு மட்டும் இல்ல சார்" என்றார் லக்ஷ்மிநாராயணன். "எல்லாத் திங்கக்கிழமையும். ஏழு இருபத்தெட்டுக்குப் போட்டுட்டு எட்டு இருபத்தெட்டுன்னு எழுதுவேன். அருள்மேரி எண்ணினது எப்பவும் சரி. நான் எழுதினதுதான் பொய்."

"ஏன்?" என்றார் மோரிதா. குற்றம் சாட்டும் தொனி இல்லை. காரணம் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம் என்ற தொழில் ஆர்வம்தான்.

லக்ஷ்மிநாராயணன் தரையைப் பார்த்தார். அந்தக் காரணத்துக்கு அவரிடம் ஆங்கிலம் இல்லை. தமிழிலும் அந்த இடத்தில் சொல்லும்படியாக இல்லை.

"ஒரு கிரகம் சார்" என்றார் கடைசியில். "கண்ணுக்குத் தெரியாது."

மோரிதா தலையசைத்து அதைக் குறித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவ்வளவு நன்றாகச் சிரித்தவர்கள் ஒருவர்கூட இப்போது சிரிக்கவில்லை என்பது லக்ஷ்மிநாராயணனுக்கு வருத்தமாக இருந்தது. சிரித்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

தனசிங் சட்டைப் பையிலிருந்து தந்திக் காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"பேனா வெச்சிருக்கியாம்மா?" என்று அருள்மேரியிடம் கேட்டார். அவள் கொடுத்தாள். அவர் காகிதத்தைச் சுவரில் வைத்து, எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, அவளுடைய முழுப் பெயரையும் இனிஷியலையும் கேட்டு எழுதினார். அவள் சொன்னாள். அவள் லக்ஷ்மிநாராயணன் பக்கம் திரும்பவில்லை. அது கோபமா, மரியாதையா என்று தெரிந்துகொள்ள அவரும் முயலவில்லை. எதுவாக இருந்தாலும் அவருக்கு உரியதுதான்.

அவர் அந்த நாலு கோட்டுத் தாளைக் கழற்றினார். இன்னொரு புதிய தாளை எடுத்து உருளையில் சுற்றினார். ராகு காலத்தின் நட்ட நடுவில், அத்தனை பேர் பார்க்க. மை கொட்டவில்லை. பேனாமுனையைத் தாளில் இறக்கினார். முதல் கோடு ஓடத் தொடங்கியது.

பென்சிலை எடுத்து மூலையில் 'தொடக்கம்' என்று எழுதினார். அச்சு மாதிரி இருக்கும் எழுத்தில் இன்று கொஞ்சம் அலை இருந்தது. இடது மணிக்கட்டில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"அருள்மேரி" என்றார். "மணி என்னம்மா?"